யூத வெறுப்பும் பிற வெறுப்புகளும்: பிரிட்டன் எதற்குக் கொதிக்கிறது, எதைக் கடந்துபோகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் யூத வெறுப்பு பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அந்த நாட்டில் வாழும் தமிழர்களிடையேயும் இங்கிருந்து அதைக் கவனிப்பவர்களிடையேயும் ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன. சில நேர்மையானவை. சிலவற்றுக்குள் கேட்பவருக்கே தெரியாமல் பழைய விஷம் ஒளிந்திருக்கிறது. இரண்டு வகையையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

யூதர்களுக்கு ஒன்று என்றால் நாடே பேசுகிறது. முஸ்லிமுக்கோ கறுப்பருக்கோ நடந்தால் இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பா?

நாடாளுமன்றத்தையும் நாளிதழ்களின் முதல் பக்கத்தையும் வைத்துப் பார்த்தால், இந்த மனக்குறைக்கு ஆதாரம் இருக்கிறது. கீழே அதைச் சொல்கிறேன். ஆனால் தெருவில், பள்ளி வாசலில், பஸ்ஸில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 2023 அக்டோபரில் லண்டனின் சில யூதப் பள்ளிகள் பாதுகாப்புக்காக மூடப்பட்டன. பள்ளிச் சின்னம் பொறித்த மேலங்கியை அணிய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. 2025 அக்டோபர் 2 அன்று, யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில், மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க் வழிபாட்டு இல்லம் தாக்கப்பட்டது. வழிபட வந்தவர்களில் இருவர் இறந்தார்கள்.

அரசியல்வாதிகள் உரக்கக் கண்டிப்பது ஒன்று, மக்கள் பாதுகாப்பாக இருப்பது வேறொன்று. யூதர்களுக்கு முதலாவது ஓரளவு கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

"இனவெறியின் படிநிலை" என்று பேசுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

இந்தப் பேச்சு பழையது என்றாலும், அதற்கு அதிகாரபூர்வ எடை கொடுத்தது 2022 ஜூலையில் வெளிவந்த ஃபோர்டு அறிக்கை. 2020 ஏப்ரலில் தொழிற்கட்சியின் உள் ஆவணம் ஒன்று கசிந்தது. கட்சித் தலைமையகத்தின் மூத்த ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை அதில் இருந்தன. சொந்தக் கட்சியின் கறுப்பின எம்.பி.க்களை, குறிப்பாக டயான் அபட்டை, அருவருப்போடு குறிப்பிடும் செய்திகளும் அவற்றில் இருந்தன. புதிய தலைவர் கியர் ஸ்டார்மரின் காலத்தில் வழக்கறிஞர் மார்ட்டின் ஃபோர்டு தலைமையில் விசாரணை அமைக்கப்பட்டது.

ஃபோர்டு இரண்டு செய்திகளைச் சொன்னார். யூத வெறுப்பு என்ற பிரச்சினையைக் கட்சியின் இரு கோஷ்டிகளுமே ஒருவரையொருவர் அடிக்கும் ஆயுதமாக்கிக்கொண்டன என்பது முதலாவது. கறுப்பர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான பாகுபாட்டுக்கு அதே அக்கறை காட்டப்படவில்லை, நடைமுறையில் கட்சி இனவெறிக்குள்ளேயே ஒரு படிநிலையை வைத்திருந்தது என்று உறுப்பினர்கள் பலர் கருதினார்கள் என்பது இரண்டாவது.

இந்த அறிக்கையைத் துணைக்கழைப்பவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதைத் தொடர்ந்து பார்க்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கட்சிக்குள் கோஷ்டிச் சண்டைக்கு உதவிய வெறுப்பு மேலே ஏறியது, உதவாத வெறுப்பு கீழே கிடந்தது. படிநிலையை யூதர்கள் உருவாக்கவில்லை. அதிகாரத்துக்குச் சண்டையிட்டவர்கள் உருவாக்கினார்கள்.

அப்படியென்றால், ஸ்டார்மருக்கு முன் தொழிற்கட்சித் தலைவராக இருந்த ஜெரமி கோர்பின் காலத்து யூத வெறுப்புக் குற்றச்சாட்டுகள் ஊதிப் பெருக்கப்பட்டவைதானே?

இல்லை. சட்டப்படி அமைந்த சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2019 மே மாதம் விசாரணையைத் தொடங்கி 2020 அக்டோபர் 29 அன்று முடிவை வெளியிட்டது. தொழிற்கட்சி 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை மீறியது என்று அது தீர்ப்பளித்தது. ஆணையம் ஆராய்ந்த 70 புகார்க் கோப்புகளில் 23இல் தலைவரின் அலுவலகம் உள்ளிட்ட அரசியல் தலையீடு இருந்தது. முன்னாள் லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் உட்படக் கட்சியின் முகவர்கள் யூத உறுப்பினர்களைத் துன்புறுத்தியதற்குக் கட்சியே பொறுப்பு என்றும் சொன்னது.

"அளவு மிகைப்படுத்தப்பட்டது" என்று ஜெரமி கோர்பின் அன்றே அறிக்கை விட்டார், அன்றே இடைநீக்கம் செய்யப்பட்டார். புகார்களின் எண்ணிக்கையைக் கட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையோடு வகுத்துப் பார்த்து "இவ்வளவுதானே" என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்பார்கள். லூசியானா பெர்கர் என்ற யூதப் பெண் எம்.பி. 2019 பிப்ரவரியில் தன் கட்சியிலேயே இருக்க முடியாமல் வெளியேறினார். அவருடைய அனுபவத்துக்கு அந்த வகுத்தல் கணக்கு எந்தப் பதிலும் சொல்லாது.

டயான் அபட் அப்படி என்ன எழுதினார்? அவர் சொன்னதில் உண்மையே இல்லையா?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் நிதானிக்க விரும்பும் கேள்வி இது.

டயான் அபட் 1987இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். 2023 ஏப்ரலில் அப்சர்வர் வார இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டனில் இனவெறி கறுப்பு–வெள்ளை என்ற கோட்டில் மட்டும் ஓடுவதில்லை, ஐரிஷ் மக்களும் யூதர்களும் நாடோடிச் சமூகத்தினரும் அதற்கு ஆளாகிறார்கள் என்பது அதன் சாரம். அதற்கு அபட் கடிதம் எழுதினார். இவர்கள் சந்திப்பது தப்பெண்ணம், அது இனவெறியைப் போன்றது, ஆனால் வாழ்நாள் முழுதும் தொடரும் இனவெறி ஆகாது என்றார். செந்தலை முடி உள்ளவர்களும் தப்பெண்ணத்தைச் சந்திப்பதுண்டு என்று ஓர் உதாரணத்தையும் சேர்த்தார். அமெரிக்க பஸ்களின் பின் இருக்கை, தென்னாப்பிரிக்க வாக்குரிமை, அடிமைக் கப்பல்களின் சங்கிலி மூன்றையும் சான்றாகக் காட்டினார்.

கடிதம் வெளியான அன்றே திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார். நாடாளுமன்றக் கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். மீண்டும் சேர்க்கப்பட்டது 2024 மே மாதம். 2025 ஜூலையில், தோலின் நிறத்தைப் பார்த்தவுடன் வரும் இனவெறி வேறு வகையானது என்று வானொலிப் பேட்டியில் கூறி, முந்தைய சர்ச்சைக்கு வருந்தவில்லை என்றதால் மறுபடி இடைநீக்கம்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. தெருவில் நடந்துபோகும் கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் தொலைவிலிருந்தே அடையாளம் காண்கிறார். ஓர் யூதர் தலையில் கிப்பா என்ற யூதத் தொப்பியை அணியாவிட்டால் கூட்டத்தில் கலந்துவிடலாம். ஆனால், கலந்துவிடுவதற்காகத் தன் அடையாளத்தைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டியிருப்பதே ஒரு வெறுப்பின் விளைவு அல்லவா? அதோடு, அபட் தேடிய சான்றுகள் அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் சேர்ந்தவை. கடிதம் வெளியானது ஐரோப்பாவில். அறுபது லட்சம் யூதர்களையும் லட்சக்கணக்கான ரோமா (ஜிப்சி) மக்களையும் இனத்தின் பெயரால் கொன்ற கண்டம் இது. அதைச் செந்தலை முடியோடு ஒரே பத்தியில் வைத்தது மன்னிக்க முடியாத அலட்சியம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017 பொதுத்தேர்தலுக்கு முந்தைய ஆறு வாரங்களில் பெண் எம்.பி.க்களுக்கு ட்விட்டரில் வந்த வசைகளில் ஏறக்குறைய பாதி அபட் ஒருவருக்கே வந்ததாக அம்னெஸ்டி ஆய்வு காட்டியது. 2024 மார்ச்சில் இன்னொரு செய்தி வெடித்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒரு கோடி பவுண்டு கொடுத்திருந்த ஃபிராங்க் ஹெஸ்டர் என்ற தொழிலதிபர், 2019இல் ஒரு கூட்டத்தில், அபட்டைப் பார்த்தால் எல்லாக் கறுப்பினப் பெண்களையும் வெறுக்கத் தோன்றுகிறது, அவரைச் சுட வேண்டும் என்று பேசியது வெளிவந்தது. அது இனவெறி என்று சொல்லப் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது. பணம் திருப்பித் தரப்படவில்லை. அந்த வாரம் பிரதமர் கேள்வி நேரத்தில் இதைப் பற்றிக் கட்சித் தலைவர்கள் காரசாரமாக வாதிட்டார்கள். சபையில் அமர்ந்திருந்த அபட் 46 முறை எழுந்து நின்றார். சபாநாயகர் அவரை ஒருமுறைகூடப் பேச அழைக்கவில்லை.

அபட்டின் கடிதத்துக்கு அன்றே தண்டனை. அபட்டைச் சுட வேண்டும் என்ற பேச்சுக்குத் தயக்கம். கடிதத்துக்குத் தண்டனை கூடாது என்பதல்ல என் வாதம். பின்னதற்கும் அதே வேகம் வந்திருக்க வேண்டும்.

கன்சர்வேட்டிவ் கட்சியில் முஸ்லிம் வெறுப்பு பற்றி விசாரணை நடந்ததா?

நடந்தது, ஆனால் கட்சியே நியமித்த பேராசிரியர் ஸ்வரன் சிங் தலைமையில். கட்சி சொந்தமாக விசாரிக்கப்போவதால் தனி விசாரணை இப்போது தேவையில்லை என்று சமத்துவ ஆணையம் 2020இல் ஒதுங்கிக்கொண்டது. தொழிற்கட்சிக்குச் சட்ட அதிகாரம் கொண்ட வெளியார் விசாரணை, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு உள் விசாரணை. இது பலரை உறுத்தியது, உறுத்த வேண்டியதுதான். 2021 மே மாதம் வந்த சிங் அறிக்கை, கட்சியில் முஸ்லிம் எதிர்ப்பு மனநிலை ஒரு பிரச்சினையாகத் தொடர்கிறது என்று ஒப்புக்கொண்டது. பாகுபாடு தொடர்பாகப் பதிவான சம்பவங்களில் மூன்றில் இரண்டு பங்கு முஸ்லிம்கள் சம்பந்தப்பட்டவை.

சொற்களிலும் இந்த வேறுபாடு தெரிந்தது. லண்டன் மேயர் சாதிக் கானை இஸ்லாமியத் தீவிரவாதிகள் கட்டுப்படுத்துகிறார்கள் என்று 2024 பிப்ரவரியில் லீ ஆண்டர்சன் எம்.பி. பேசினார். மன்னிப்புக் கேட்க மறுத்ததால் இடைநீக்கம் செய்யப்பட்டார். பேச்சு "தவறு" என்றார் பிரதமர் ரிஷி சுனக். அது முஸ்லிம் வெறுப்பு என்று சொல்ல அவர் வாய் கடைசிவரை திறக்கவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு யூதர்களின் செல்வாக்குதான் காரணமா?

கேள்விக்குள் ஒளிந்திருக்கும் விஷம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். யூதர்கள் பணத்தாலும் செல்வாக்காலும் நாடுகளைத் திரைமறைவில் ஆட்டிவைக்கிறார்கள் என்பது யூத வெறுப்பின் மையக் கதை. மற்ற இனவெறிகள் பெரும்பாலும் எதிராளியைத் தாழ்ந்தவன், அழுக்கானவன், அறிவற்றவன் என்று கீழே தள்ளுகின்றன. இது எதிராளியை மேலே ஏற்றி, சூழ்ச்சிக்காரன் என்கிறது. அதனால்தான் அடக்குமுறையை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டே ஒருவர் இதற்குள் விழ முடிகிறது. தமிழில் நாம் பாராட்டாகச் சொல்லும் "யூதன் மூளைக்காரன்" என்பதும் இதே கதையின் சிரித்த முகம். வடக்கு லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு ஹில் பகுதியில் பெரிய குடும்பங்களோடு வறுமையில் வாழும் பழைமைவாத யூதர்களை இந்தக் கதை கண்டுகொள்வதே இல்லை.

உண்மையான காரணங்கள் இதைவிடச் சாதாரணமானவை, பொதுவெளியில் எல்லாரும் பார்க்கக்கூடியவை.

முதலில் சட்டம். 1976ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் இனத்தைப் பாதுகாத்தது, மதத்தைப் பாதுகாக்கவில்லை. யூதர்கள் ஓர் இனக்குழு என்று நீதிமன்றங்கள் ஏற்றன. டர்பன் அணிந்த சீக்கிய மாணவனைப் பள்ளி சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியர்களும் இனக்குழுவே என்று, அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983இல் தீர்ப்பளித்தது. பல நாடுகளிலிருந்தும் வந்த முஸ்லிம்களோ ஓர் இனக்குழுவாக எண்ணப்படவில்லை. மத அடிப்படையில் வேலையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான விதி 2003இல்தான் வந்தது. மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான சட்டம் 2006இல் வந்தது, அதுவும் இனவெறுப்புச் சட்டத்தைவிட மிகக் கடுமையான நிரூபணத்தைக் கேட்கிறது. ஒரு தலைமுறை முழுக்க இந்த இடைவெளியில் வளர்ந்தது.

அடுத்து அமைப்பு. பிரிட்டிஷ் யூதர்களின் பிரதிநிதிகள் சபை 1760இலிருந்து இயங்குகிறது. யூதர்களுக்கு எதிரான ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவுசெய்யும் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை 1994இலிருந்து தனி அறக்கட்டளையாக இருக்கிறது. முஸ்லிம்களுக்கான டெல் மாமா பதிவு அமைப்பு தொடங்கப்பட்டது 2012இல். பெரிய முஸ்லிம் அமைப்பான பிரிட்டன் முஸ்லிம் கவுன்சிலோடு 2009இலிருந்தே அரசுகள் பெரும்பாலும் முகம்கொடுத்துப் பேசவில்லை. யாரிடம் எண்ணிக்கை இருக்கிறதோ, யாருடைய தொலைபேசி அழைப்பை அமைச்சர் எடுக்கிறாரோ, அவர்கள் குரல் முதலில் கேட்கும். அந்த எண்ணிக்கையையும் அழைப்பையும் யூதர்கள் பல தலைமுறை உழைப்பில் சம்பாதித்தார்கள். 1290இல் இந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, 1656 வரை வெளிப்படையாக வாழ அனுமதிக்கப்படாத சமூகம் அது.

எண்கள் என்ன சொல்கின்றன?

2024 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறை பதிவுசெய்த மத வெறுப்புக் குற்றங்களில் முஸ்லிம்களைக் குறிவைத்தவை 3,866. யூதர்களைக் குறிவைத்தவை 3,282. முஸ்லிம்கள் ஏறக்குறைய 39 லட்சம், யூதர்கள் 2,71,000 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் முஸ்லிம்களுக்குச் சுமார் 10 குற்றங்கள், பத்தாயிரம் யூதர்களுக்குச் சுமார் 121. அதே ஆண்டில் இனத்தின் பெயரால் நடந்த குற்றங்கள் 98,799.

மனநிலையை அளந்தால் வேறு வரிசை வருகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், முஸ்லிம்களைப் பற்றி எதிர்மறை எண்ணம் உள்ளவர்கள் 25.9 சதவீதம். யூதர்களைப் பற்றி 8.5 சதவீதம். ஜிப்சி, ஐரிஷ் நாடோடிச் சமூகங்களைப் பற்றி 44.6 சதவீதம். வெளிப்படையாக வெறுக்கப்படுவதில் முதலிடத்தில் இருக்கும் அந்த நாடோடி மக்களுக்காக எந்த நாளிதழும் முதல் பக்கத்தை ஒதுக்கவில்லை. எது அதிகம், எது குறைவு என்று யூதர்களும் முஸ்லிம்களும் வாதிடும்போது இந்த மக்களை யாருமே எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

யூதக் கொள்கை ஆய்வு நிறுவனம் 2017இல் செய்த ஆய்வும் உதவும். யூத வெறுப்பாளர்கள் என்றே சொல்லத்தக்கவர்கள் மக்களில் ஏறத்தாழ 5 சதவீதமே. ஆனால் யூத வெறுப்புக் கருத்துகளில் ஒன்றையாவது ஏற்பவர்கள் 30 சதவீதம். "இங்கே யாரும் யூதர்களை வெறுப்பதில்லையே" என்று பொதுமக்கள் நினைப்பதும், "எங்கே போனாலும் காதில் விழுகிறது" என்று யூதர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான்.

இஸ்ரேலை விமர்சித்தாலே யூத வெறுப்பு என்கிறார்களே?

சிலர் அப்படிச் செய்கிறார்கள், அது தவறு. 2016இல் சர்வதேச யூதப் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு ஏற்ற வரையறையே, வேறு எந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல் இஸ்ரேலை விமர்சிப்பதை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்கிறது. அந்த வரையறையை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன், பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தடுக்க அதைப் பயன்படுத்துவதை வெளிப்படையாக எதிர்த்துவருகிறார். காசாவில் குழந்தைகள் கொல்லப்படுவதற்கு எதிராக ஊர்வலம் போவது மனிதக் கடமை. மான்செஸ்டரில் வழிபடப் போன முதியவரிடம் அதற்குக் கணக்குக் கேட்பது யூத வெறுப்பு. ஒரு குண்டுவெடிப்புக்காகத் தெருமுனை முஸ்லிம் கடைக்காரரிடம் விளக்கம் கேட்பது எந்த வகையோ, அதே வகை.

இந்தச் சமூகங்கள் சேர்ந்து நின்றதே இல்லையா?

கிழக்கு லண்டனில் நின்றிருக்கிறார்கள். 1936 அக்டோபர் 4 அன்று மோஸ்லியின் கறுப்புச் சட்டைப் பாசிஸ்டுகள் யூதக் குடியிருப்புகள் வழியே அணிவகுக்க வந்தபோது, யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் கேபிள் தெருவில் தடுப்பரண் கட்டி மறித்தார்கள். அந்தத் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1978 மே 4 அன்று அல்தாப் அலி என்ற வங்கதேசத் தையல் தொழிலாளி இனவெறியர்களால் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். பக்கத்திலுள்ள பிரிக் லேன் பெரிய பள்ளிவாசல் கட்டடமும், 1743இல் பிரெஞ்சு அகதிகளின் தேவாலயமாகத் தொடங்கி, பிறகு யூத வழிபாட்டு இல்லமாகி, 1976இல் பள்ளிவாசலானது.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு இதில் என்ன?

தோல் நிறத்துக்காக வசை வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். அது தெரிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொன்று சாதி. தெற்காசியரிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2013இல் அரசுக்குக் கட்டளையிட்டது. அரசு இழுத்தடித்து, 2017இல் கருத்துக் கேட்டு, 2018 ஜூலையில் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கில், சாதி சில சூழல்களில் இனப் பூர்வீகம் என்ற பிரிவுக்குள் வரக்கூடும் என்று சொல்லியிருந்தது. அதுவே போதும் என்பது அரசின் வாதம். சட்டம் வேண்டாம் என்று கடுமையாகப் பேசியவர்கள் வெள்ளையர்கள் அல்லர், தெற்காசிய அமைப்புகள் சில. யூதர்களுக்குக் கிடைக்கும் கவனம் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்கும் நம்மவர்களிடம், சாதியைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னபோது எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.